பிரிச்சுப் பார்க்கிறதா, கேட்டுப் பார்க்கிறதா?

அத்திப்பட்டில் பைக் என்பது ஆசைக்கு வைத்திருக்கிற பொருள் இல்லை. வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், அதைத் தாண்டி காட்டுப்பள்ளி என்று சுற்றிலும் ராப்பகலாக ஓடுகிற இடங்கள். அதே ரயில் பாதையில் வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். எல்லாமே ஷிஃப்ட் கணக்கு. ரயில் ஓடாத நேரத்தில் வேலைக்குப் போகிறவருக்கும் திரும்பி வருகிறவருக்கும் அந்த 100 சிசி வண்டிதான் கதி. கன்டெய்னர் லாரி ஓடுகிற ரோட்டில் நடுராத்திரி வண்டி நின்றுபோனால், ஓரமாகத் தள்ளிக்கொண்டு நடப்பதே ஆபத்து. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அன்றைய கூலியும் போச்சு.

அதனால் "நம்ம வண்டியை நாமளே கொஞ்சமாவது பார்த்துக்கத் தெரியணும்" என்று ஒருத்தர் நினைத்தால் அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது. அப்படி நினைக்கிறவருக்கு ஊரில் இரண்டு அறிவுரைகள் கிடைக்கும். "எல்லாம் வீடியோவில் இருக்கு, நீயே பண்ணு" என்பது ஒன்று. "தெரியாத வேலையில் கை வைக்காதே, மெக்கானிக்கிட்ட விடு" என்பது இன்னொன்று. இரண்டையும் யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: தானாகக் கற்பதா, கேட்டுக் கற்பதா என்ற கேள்வியே சரியாக அமையவில்லை. எதை, எப்போது, எந்த மாதிரி கேட்கிறோம் என்பதில்தான் ஒருத்தர் சொந்தக் காலில் நிற்பாரா, காலம் முழுக்க அடுத்தவர் கையைப் பார்த்தே இருப்பாரா என்பது இருக்கிறது.

முதலில், யாரையும் கேட்காமலே செய்யக்கூடியது நிறைய உண்டு. கார்ப்ரேட்டர் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பார்க்க வேண்டியவை மூன்றே: பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா, காற்றும் அழுத்தமும் சரியாக இருக்கிறதா. கார்ப்ரேட்டரின் அடியில் ஒரு டிரெயின் ஸ்க்ரூ இருக்கும். அதைக் கொஞ்சம் தளர்த்தினால் பெட்ரோல் சொட்ட வேண்டும். நிற்காமல் சொட்டிக்கொண்டே இருந்தால் டேங்கிலிருந்து அதுவரை பாதை திறந்திருக்கிறது. அதை மூடி, சிந்தியதைத் துடைத்து, ஆவி போன பிறகு பிளக்கைக் கழட்டி, அதன் மூடியிலேயே மாட்டி, உலோக உடம்பு என்ஜின் தலையில் படுகிற மாதிரி வைத்து, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளியே, ஒரு உதை. நீலப் பொறி தெரிய வேண்டும்.

கழட்டிய பிளக்கே ஒரு மருத்துவ ரிப்போர்ட் மாதிரிதான். முனை செங்கல் நிறத்தில் இருந்தால் எரிதல் சரி. கரி பூசினது போல வறண்ட கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. கருத்து, எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ஆயில் உள்ளே ஏறுகிறது. வெளுத்துப் போயிருந்தால் காற்று அதிகம், சூடும் அதிகம். இதைப் படிக்க ஒரு பிளக் ஸ்பேனர் போதும். இந்த அளவுக்குக்கூடத் தொட்டுப் பார்க்காமல் கடைக்கு ஓடுகிறவர் எத்தனை வருஷம் ஓட்டினாலும் அந்த வண்டியைப் பற்றி எதுவும் கற்கப் போவதில்லை.

ஆனால் இதே அத்திப்பட்டில் வண்டியோடு வந்த புத்தகத்தை மட்டும் நம்பினால் சீக்கிரமே முட்டிக்கொள்வோம். ஏர் ஃபில்டரையே எடுங்கள். இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்று, தூசி அதிகமான இடமென்றால் இன்னும் முன்னதாக மாற்று என்று எழுதியிருப்பார்கள். எவ்வளவு முன்னதாக? அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றி அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. பறக்கும் சாம்பல் ரோட்டு மண்ணைவிடப் பொடியானது, சிலிக்கா நிறைந்தது. அதோடு நிலக்கரித் தூளும் சேர்ந்து ஃபில்டரில் அப்பினால் என்ஜின் மூச்சுத் திணறும். ஃபில்டர் கிழிந்திருந்தால் அது சிலிண்டர் சுவரையே தேய்க்கும். இங்கே எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கணும் என்பது இந்த ரோட்டில் ஓடின வண்டிகளைப் பல வருஷமாகப் பிரித்த கைக்குத்தான் தெரியும்.

கடல் காற்றும் அப்படித்தான். எண்ணூர் கழிமுகத்தை ஒட்டின ஊர்களில் வயரிங் கப்ளருக்குள் செப்பு முனை பச்சை பூத்துவிடும். வயர் பார்க்க நன்றாக இருக்கும், ஃப்யூஸ் நன்றாக இருக்கும், இண்டிகேட்டர் மட்டும் இஷ்டத்துக்கு எரியும். உள்நாட்டு ஊரில் எடுத்த வீடியோவில் இதைச் சொல்ல மாட்டார்கள். உள்ளூர் மெக்கானிக் முதலில் கப்ளரைத்தான் உருவிப் பார்ப்பார்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. உள்ளூர் அனுபவம் என்பதால் அவர் சொல்வதெல்லாம் சரி என்றும் ஆகாது. எண்ணெய் தோய்ந்த பேப்பர் ஃபில்டரைக் காற்றடித்து மறுபடி மாட்டுவது கடைகளில் சகஜம். தயாரிப்பாளர்கள் அதைச் செய்யாதே, மாற்றிவிடு என்கிறார்கள், ஏனென்றால் தூசியைப் பிடிக்கிற எண்ணெய்ப் பசையே போய்விடும். புத்தகத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும், ஆளையும் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் முரண்படுகிற இடத்தில் "ஏண்ணே அப்படி?" என்று கேட்டால், பல நேரம் அதற்கு ஒரு நியாயமான காரணம் வரும். சில நேரம் "எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்று வரும். அப்போது நீங்களே முடிவெடுத்துக்கொள்ளலாம்.

சொல்லில் அடங்காத விஷயங்கள் இன்னொரு வகை. 10-ம் நம்பர் ஸ்பேனர் போடுகிற 6 மில்லிமீட்டர் போல்ட்டைச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கினால் போதும். ஸ்பேனரைப் பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் ஏறக்குறைய பத்து கிலோ இழுப்பு. எழுதிவிட்டேன், நீங்களும் படித்துவிட்டீர்கள், ஆனால் உங்கள் மணிக்கட்டுக்கு இது இன்னும் தெரியாது. புதுசாகக் கற்பவர் பயத்தில் கூடுதலாக ஒரு இறுக்கு இறுக்குவார். போல்ட் இரும்பு, என்ஜின் உடம்பு அலுமினியம். மரை அலுமினியப் பக்கம்தான் போகும். பிறகு லேத்துப் பட்டறைக்குத்தான் போகணும். டார்க் ரெஞ்ச் வாங்கலாம், நல்லதுதான். அது கையில் இல்லாத ராத்திரிக்கு, தெரிந்தவர் ஒருத்தரை ஒரு போல்ட்டை அவர் வழக்கப்படி இறுக்கச் சொல்லுங்கள். அதை நீங்கள் கழட்டுங்கள், எங்கே இளகுகிறது என்று கவனியுங்கள், மறுபடி அதே இடத்துக்கு இறுக்குங்கள். அஞ்சாறு தடவை. எந்த வீடியோவும் தர முடியாத பாடம் இது.

ஸ்டார் ஸ்க்ரூவும் அப்படி ஒரு சமாச்சாரம். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பழைய ஹீரோ ஹோண்டா, யமஹா வண்டிகளின் ஸ்டார் தலை, நம் வீட்டில் இருக்கிற பிலிப்ஸ் டிரைவருக்கு அச்சாகப் பொருந்தாது. அது ஜப்பானியத் தர அளவு, குழி கொஞ்சம் வேறு. பிலிப்ஸை வைத்துத் திருகினால் வழுக்கி மேலே ஏறி, ஸ்க்ரூ தலையைச் சீவிவிடும். பழைய மெக்கானிக்குகளில் பலருக்கு ஜப்பானியத் தரம் என்ற பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் சுத்தியலால் அடித்தால் திரும்புகிற இம்பாக்ட் டிரைவரை எடுப்பார்கள். ஏன் என்று கேட்டால், "இது இப்படித்தான் வரும்" என்பார்கள்.

கை அறிவு என்று சொல்லும்போது புல்லட்டை விட்டுவிட முடியாது. அத்திப்பட்டிலிருந்து சென்னைப் பக்கம் அதே ரயிலில் எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர் தாண்டினால் திருவொற்றியூர். என்ஃபீல்டு இந்தியா தொழிற்சாலை அமைந்த ஊர். பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட்டில் டேப்பெட் செட்டிங்குக்குப் பெரும்பாலும் கேஜ் தேவைப்படாது. என்ஜின் ஆறியிருக்கும்போது புஷ்ராடை விரலால் உருட்டினால் லேசாகச் சுற்றணும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான் விதி. அந்த "லேசாக" எவ்வளவு என்பது ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்குத்தான் போகும்.

அந்தத் தொழிற்சாலையின் கதையே நம் விஷயத்துக்குப் பொருந்தி வருகிறது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் என்று அரசு 350 சிசி புல்லட்டுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் பெட்டியில் வந்தன, இங்கே மாட்டினார்கள். 1957-ல் பாகம் செய்யும் அச்சுகளையும் கருவிகளையுமே வாங்கினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. 1977-ல் சென்னை புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. சுதேசி என்று நாம் பெருமைப்படுகிற ஒரு வண்டி, ஏழு வருஷம் முறையாகக் கேட்டுக் கற்றதன் பலன். அவர்கள் கேட்ட வரிசையையும் கவனியுங்கள். முதலில் வண்டி, பிறகு மாட்டும் முறை, பிறகு பாகம் செய்யும் கருவி. வண்டியை மட்டுமே கேட்டுக்கொண்டு இருந்திருந்தால் 1967-க்குப் பிறகு கை கட்டி நின்றிருக்க வேண்டியதுதான்.

இந்த வித்தியாசத்துக்கு ஆய்வுலகில் பெயர் இருக்கிறது. உதவி கேட்பது என்பது பலவீனத்தின் அடையாளம், சார்ந்திருப்பதன் அடையாளம் என்றே உளவியல் பல காலம் பார்த்து வந்தது. ஷாரன் நெல்சன்-லகால் என்பவர் 1981-ல் எழுதிய கட்டுரையில் அதை இரண்டாகப் பிரித்தார். வேலையை எனக்காக முடித்துக் கொடு என்று கேட்பது ஒன்று. நானே முடிக்கத் தேவையான அளவு மட்டும் சொல்லு என்று கேட்பது இன்னொன்று. அவர் எழுதியது பள்ளிக் குழந்தைகளை மனதில் வைத்து. மெக்கானிக் கடை வாசலில் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

"அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆகல. கொஞ்சம் பாருங்களேன்."

இது முதல் வகை. ராத்திரி பத்து மணி ஷிஃப்டுக்குப் போகிற அவசரத்தில் இப்படித்தான் கேட்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது வகை இப்படி இருக்கும்:

"அண்ணே, பிளக்ல ஸ்பார்க் வருது. டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தினா பெட்ரோலும் வருது. ஆனா எவ்வளவு உதைச்சாலும் பிளக் காய்ஞ்சே கிடக்கு. எங்கண்ணே நிக்குது?"

"காய்ஞ்சா கிடக்கு? அப்ப ஜெட்டு அடைச்சிருக்கும் தம்பி. ஸ்லோ ஜெட்டைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு, ஓட்டை தெரியுதான்னு. கம்பி விட்டுக் குத்திடாத, ஓட்டை பெருசாயிடும். காத்து அடி."

அரை நிமிஷம்கூட ஆகவில்லை, அவருக்கு வேலையும் கெடவில்லை. கேட்டவர் மூன்று சோதனையைச் செய்துவிட்டு வந்ததால், பதில் போய் உட்கார மனசில் ஒரு இடம் இருக்கிறது. ஜெட் என்றால் என்ன என்றே தெரியாதவரிடம் இதே பதிலைச் சொன்னால் காற்றோடு போயிருக்கும். கம்பி விட்டுக் குத்தாதே என்ற எச்சரிக்கையும் கவனிக்க வேண்டியது. அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. கேட்டவருக்குக் கேட்கத் தோன்றாத விஷயம். தனியாகக் கற்பதில் இருக்கிற பெரிய ஓட்டையே இதுதான். தெரியாததைத் தேடிக்கொள்ளலாம், ஆனால் தெரியாது என்பதே தெரியாத விஷயத்தை எப்படித் தேடுவது?

பட்டறையில் சேர்ந்து கற்கிற பையன்கள் இதை வேறு வழியில் சரிக்கட்டுகிறார்கள். அங்கே முதல் வேலை பாகம் கழுவுவது. அடுத்தது "12-ம் நம்பர் எடுடா". பஞ்சர், செயின், பிரேக் கேபிள் என்று போய், என்ஜினைத் திறப்பது கடைசி. இதைச் சுரண்டல் என்று மட்டும் பார்க்கிறவர்கள் உண்டு, அதிலும் உண்மை இருக்கிறது, அதற்கு வருகிறேன். ஆனால் கற்றலாகப் பார்த்தால் அந்த வரிசையில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. ஜீன் லேவ் என்ற மானிடவியலாளர் லைபீரியாவின் மன்ரோவியாவில் தையல்காரர்களிடம் வேலை பழகுகிறவர்களைக் கவனித்தார். அவர்களும் தலைகீழ் வரிசையில்தான் கற்கிறார்கள். முதலில் பட்டன், ஓர மடிப்பு, பிறகு தையல், துணி வெட்டுவது கடைசியில். பட்டன் தைக்கும்போதே முழுச் சட்டை எப்படி இருக்கணும் என்பது கண்ணில் பதிந்துவிடுகிறது. அங்கே கெட்டால் பட்டன் போகும், துணி போகாது. லேவும் எட்டியன் வெங்கரும் 1991-ல் எழுதிய சிறிய புத்தகத்தில் இது விரிவாக இருக்கிறது. தேய்ந்த கிளட்ச் பிளேட்டை நூறு தடவை கழுவின பையனுக்கு, நல்ல பிளேட் எது என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டு வாசலில் தனியாகக் கற்கிறவர் இந்த வரிசையையாவது கடன் வாங்கலாம். செயினில் ஆரம்பியுங்கள், கார்ப்ரேட்டருக்கு அப்புறம் போங்கள். கிளட்ச், மேக்னெட் எல்லாம் புல்லர் மாதிரி தனிக் கருவி கேட்பவை, அவற்றுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

சுரண்டல் பக்கம். பத்து வயதில் பட்டறைக்கு வந்து, சோற்றுக்கும் சில்லறைக்கும் வேலை செய்து, அடி வாங்கித் தொழில் கற்ற தலைமுறை ஒன்று உண்டு. 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழ் யாரையும் எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்க முடியாது. பள்ளி நேரம் போக வீட்டாரின் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நல்ல சட்டம். ஆனால் அதன் கூடவே பட்டறைக்குள் விரலிலிருந்து விரலுக்குப் போன அறிவு போகிற வழியும் குறுகுகிறது. ஐடிஐ அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. மீதி, கடைக்கு வந்து கேட்கிறவர்களிடம்தான் போக வேண்டும். அதனால் கேட்கிறவருக்கும் ஒரு கடமை உண்டு என்று நினைக்கிறேன். மெக்கானிக்கின் நேரம் அவருடைய கூலி. அரை நிமிஷ பதில் வேறு, அரை மணி நேரம் பக்கத்தில் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுப்பது வேறு. பின்னதற்குக் காசு கொடுத்துவிடுங்கள். "கை வைக்கவே இல்லையே, எதுக்குப் பணம்?" என்று அவரே மறுப்பார். கொடுங்கள். கூட்டம் இருக்கிற நேரத்தில் போகாதீர்கள்.

இந்தத் தொழிலில் மெக்கானிக்கும் தனி ஆள் இல்லை. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ரிப்பேர் ஆட்களோடு சுற்றிய ஜூலியன் ஓர், 1996-ல் வெளியான தன் புத்தகத்தில் ஒரு விஷயத்தைக் காட்டினார். கம்பெனி கொடுத்த கையேட்டைவிட, சாப்பாட்டு நேரத்தில் "எனக்கு ஒரு மெஷின் வந்துச்சு பாரு" என்று அவர்கள் பேசிக்கொள்கிற கதைகள்தான் கஷ்டமான பழுதுகளைத் தீர்க்கின்றன. நம் ஊர் டீக்கடையில் இரண்டு மெக்கானிக்குகள் சேர்ந்தாலும் இதுவேதான் நடக்கும். வெறும் அரட்டை என்று நினைக்காமல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம்.

கேட்டே ஆக வேண்டிய ஒரு இடம் பிரேக். முதல் முறையாக பிரேக்கையோ சக்கரத்தையோ கழட்டி மாட்டினால், ஓட்டுவதற்கு முன் இன்னொருத்தர் கண் அதில் பட்டாக வேண்டும். ஆக்ஸில் நட்டு, பிரேக் ராடின் நட்டு, இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பிளிட் பின், செயின் தொய்வு, டிஸ்க் பிரேக் என்றால் லைனில் காற்று. விமானத்தில் கட்டுப்பாட்டுப் பாகங்களைக் கழட்டி மாட்டினால், செய்தவரே சரி என்று கையெழுத்துப் போட்டால் போதாது, இரண்டாவது ஆள் தனியாகச் சோதிக்க வேண்டும். அங்கே இருப்பவர்களுக்குத் தொழில் தெரியாததால் வந்த விதி இல்லை அது. தன் கை செய்ததைத் தன் கண் சரியாகப் பார்க்காது. டிரம்மில் இருக்கிற தூசியை வாயால் ஊதவும் வேண்டாம், பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.

இனி புது வண்டிகள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு புது பெட்ரோல் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் கார்ப்ரேட்டர் போய் எஃப்ஐ வந்துவிட்டது. மேலே சொன்ன டிரெயின் ஸ்க்ரூ, ஜெட் எதுவும் இதில் இல்லை. பிளக்கைக் கழட்டி உதைத்துப் பார்க்கிற சோதனையையும் இதில் செய்ய வேண்டாம், எலக்ட்ரானிக்ஸ் கெடலாம். ஸ்கேனர் இல்லாத சின்னக் கடைக்காரர் முப்பது வருஷ அனுபவத்தோடு புது மாணவராக நிற்கிறார். பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் ஒரு குழு அமைத்தது, அதே வருஷக் கடைசியில் ஒரு இணையதளமும் திறந்தது. வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. ஆனால் ஒரு மின்சார வரைபடத்துக்காகச் சின்னக் கடைக்காரர் இன்னும் நண்பருக்குத்தான் ஃபோன் போடுகிறார்.

நீங்கள் செய்யக்கூடிய ஒன்று மட்டும் இருக்கிறது. மீட்டரில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு சும்மா எரிவதில்லை. பல மாடல்களில், அது நீளமாக எத்தனை தடவை, குட்டையாக எத்தனை தடவை சிமிட்டுகிறது என்பதே பழுதின் எண். அதற்கு ஸ்கேனர் தேவையில்லை. சாவியைப் போட்டு, என்ஜினை எழுப்பாமல், விளக்கை எண்ணுங்கள். ஒரு சீட்டில் எழுதி, ஃபோனில் வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடைக்குப் போகிறபோது அது சிமிட்டாது. அன்றைக்கு மழையா, வண்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவினீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அத்திப்பட்டு வண்டி என்றால் கப்ளரைக் கழட்டி உள்ளே பச்சை பூத்திருக்கா என்று ஒரு பார்வை. அப்புறம் கடைக்குப் போங்கள்.